இதை நசுக்கலாமுங்களா?

என் வாழ்நாளில் நான் உருப்படியாக இடித்துக் கொடுத்தவை மூன்று. டீக்கு இஞ்சி, வெண்பொங்கலுக்கு மிளகு, அப்பாருக்கு மாத்திரை. முதல் இரண்டுக்கும் பாராட்டு கிடைத்தது. மூன்றாவதுக்கு ராத்திரி பத்தரை மணிக்கு எமர்ஜென்ஸி வார்டு கிடைத்தது.

'மாத்திரையை இடிப்பதில் என்னய்யா பெரிய வித்தை?' என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் பி.காம். பாஸ். பத்து ரூபாய் கணக்கில் உதைத்தால்கூடத் தூக்கம் வராத ஜாதி. அப்படிப்பட்டவன் ஒரு மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் விட்டேன். அந்தக் கதைதான் இது.

(கொங்கு நாட்டுக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்கு: அப்பாவின் அப்பா எங்கள் ஊரில் 'அப்பாரு'. அம்மாவின் அப்பா 'அப்புச்சி'. மாற்றிச் சொன்னால் சொத்துத் தகராறே வரும்.)

அப்பாருக்கு எண்பத்தியோரு வயசு. பொங்கலூர்ப் பக்கம் நாலு ஏக்கர் தென்னை. பி.ஏ.பி. வாய்க்காலில் முறைத் தண்ணீர் வருகிற அன்றைக்கு, ராத்திரி இரண்டு மணியானாலும் மண்வெட்டியோடு மடையில் நிற்கிற ஆள். ஒருநாள் காலையில் மோட்டார் போடப் போனவர் வாய் கோணி, வலது கை தொங்கி, வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கவாதம். கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். (பெயர் வேண்டாம், உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள்.)

உயிர் மிஞ்சியது. ஆனால் விழுங்கும் சக்தி போய்விட்டது. ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தாலும் புரையேறியது. அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும் என்றார்கள். எனவே மூக்கு வழியாக இரைப்பைக்கு ஒரு குழாய் விட்டார்கள். நர்ஸுகள் 'ரைல்ஸ் டியூப்' என்பார்கள். ரைல் என்பது ஆள் பெயர். ஜான் ஆல்ஃபிரட் ரைல், லண்டன் டாக்டர். இரைப்பைச் சாற்றை வெளியே எடுத்துச் சோதிப்பதற்காக 1921 வாக்கில் அவர் கொண்டுவந்த குழாய் இது. வெளியே எடுக்க வந்த குழாயில் நாம் ராகிக் கஞ்சியை உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறோம்.

பத்து நிமிஷப் படிப்பு

டிஸ்சார்ஜ் அன்றைக்குக் காலை முழுக்க பில்லுக்கு அலைந்தோம். பில்லுக்கு மூன்று மணி நேரம். குழாயைப் பற்றிய பாடத்துக்குப் பத்து நிமிஷம். பாவம் அந்த நர்ஸ், அந்தப் பக்கம் நாலு பெட் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"தலைய உசத்தி வெச்சுக்குங்கண்ணா. இந்த சிரிஞ்ச்ல கஞ்சி விடுங்க. மாத்திரையெல்லாம் பொடி பண்ணிக் கலக்கி விட்டுருங்க. அடைக்காமப் பாத்துக்குங்க."

அவ்வளவுதான். நான் தலையாட்டினேன். கோயில் மாடுகூட யோசித்துத்தான் ஆட்டும்.

வீட்டில் வேலைப் பங்கீடு நடந்தது. அம்மா கஞ்சி. அப்பா காசு. சித்தப்பா ஆலோசனை. ("கொளாய்லயே நம்ம வைத்தியர் லேகியத்தையும் கொஞ்சங் கரைச்சு உட்டுப் பாத்தா என்னடா?") எனக்கு மருந்து டிபார்ட்மென்ட். பத்திரிகைக்கு எழுதுகிறவன் வீட்டாரின் அகராதியில் வேலை இல்லாதவன் அல்லவா?

மொத்தம் ஆறு மாத்திரை. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், கொழுப்புக்கு ஒன்று, வயிற்றுக்கு பேன்டோபிரசோல், வலிப்பு வராமல் இருக்க ஃபெனிடாயின், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், சத்துக்கு ஒரு வைட்டமின். காலை வேளை மாத்திரைகளை மொத்தமாக இஞ்சி இடிக்கிற கல்லில் போட்டு நுணுக்கி, ராகிக் கஞ்சியில் கலக்கி, சிரிஞ்சில் ஏற்றி விட்டேன். நேரம் மிச்சம், வேலையும் சுளுவு. கணக்குப் பாஷையில் சொன்னால், எல்லா வவுச்சரையும் ஒன்றாகக் கலக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவிட்டேன். சஸ்பென்ஸில் போட்டது என்றைக்காவது ஒருநாள் எழுந்து நிற்கும். மூன்றாம் நாள் நின்றது.

குழாய் அடைத்துக்கொண்டது. அழுத்தினேன். அசையவில்லை. இன்னும் அழுத்தியிருந்தால் குழாயே விரிந்திருக்கும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். சித்தப்பாவின் வேனில் அப்பாரைப் படுக்கவைத்து, பல்லடம் தாண்டி, சூலூர் தாண்டி, மறுபடி கோவை. பழைய குழாயை உருவிப் புதுக் குழாயைப் போட்டார்கள். அப்பாரு கண்ணில் தண்ணீர் வழிந்தது. மண்வெட்டி வெட்டு பட்டபோதுகூட வாயைத் திறக்காதவர், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அங்கேயே ரத்த அழுத்தம் பார்த்தார்கள். ஏறியிருந்தது. வேறொரு டூட்டி டாக்டர் பிரஷருக்கு ஒரு மாத்திரையைப் புதிதாகச் சேர்த்தார். ஏழாவது மாத்திரை. நிஃபெடிபின். பெயருக்குப் பின்னால் இரண்டு இங்கிலீஷ் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. இனிஷியலாக இருக்கும் என்று நினைத்தேன்.

ராத்திரி எட்டு மணி. காலையில் பட்ட அவமானம் மனசில் இருந்தது. இந்த முறை அடைக்கவே கூடாது என்று அந்த மாத்திரையைக் கல்லில் போட்டு இடித்தேன், தேய்த்தேன், டீ வடிகட்டியில் சலித்தேன். மைதா மாவு தோற்றுவிடும். குழாயில் சர்ரென்று இறங்கியது. 'சபாஷ்டா' என்று என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன்.

ஒன்பதேகாலுக்கு அப்பாருக்கு வேர்த்துக் கொட்டியது. முகம் வெளுத்தது. கூப்பிட்டால் கண் மட்டும் லேசாகத் திறந்தது. அம்மா "மாமா... மாமா..." என்று கத்தினார். மறுபடி வேன். சிங்காநல்லூர் சிக்னலில் சிவப்பு விழுந்தபோது நான் ஹாரனை அமுக்கியபடியே அழுதுகொண்டிருந்தேன். எமர்ஜென்ஸியில் பிரஷர் பார்த்தார்கள். 80-க்கு 50.

சின்ன எழுத்து

டிரிப் ஏற்றி, காலை உயர்த்திவைத்து, ராத்திரி முழுக்க மானிட்டரில் போட்டார்கள். விடிகிற நேரத்தில் 110-க்கு வந்தது. நான் நாற்காலியில் சுருண்டு கிடந்தேன்.

காலை ஒன்பது மணிக்கு வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் வந்தார். டாக்டர் என்று எழுந்து நின்றேன். "நான் கிளினிக்கல் பார்மசிஸ்ட்டுங்கண்ணா" என்றார். எங்கள் மாத்திரைப் பையை வாங்கிக் கட்டில் மேல் கொட்டி, புது அட்டையை எடுத்துத் திருப்பி என்னிடம் நீட்டினார்.

"பின்னால என்ன போட்டிருக்குன்னு படிங்கண்ணா."

கடன் பத்திர எழுத்தைவிடச் சின்ன எழுத்து. இங்கிலீஷில் இருந்தது. முழுசாக விழுங்க வேண்டும். மெல்லவோ நசுக்கவோ கூடாது.

"நீங்க என்னண்ணா பண்ணுனீங்க?"

"மாவாக்கிச் சலிச்சு உட்டேனுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். அதை என் பாஷையில் உங்களுக்குத் தருகிறேன்.

உங்களுக்கு மாசம் முப்பதாயிரம் சம்பளம் என்று வையுங்கள். தினம் ஆயிரம் ஆயிரமாகக் கையில் கிடைத்தால் மாசம் ஓடும். முப்பதாயிரத்தையும் முதல் தேதி ராத்திரி ஒன்பது மணிக்கு, நண்பர்கள் சூழ்ந்திருக்கையில் மொத்தமாகக் கொடுத்தால்? பத்து மணிக்கு உங்கள் கதி என்ன? அதேதான். சில மாத்திரைகள் உள்ளே இருக்கும் மருந்தைப் பன்னிரண்டு மணி நேரமோ, இருபத்திநாலு மணி நேரமோ கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும்படி கட்டப்பட்டவை. அந்தக் கட்டுமானத்தை உடைத்தால் ஒரு நாள் மருந்து ஒரே வேளையில் ரத்தத்தில் இறங்கும். பிரஷர் மாத்திரையானால் பிரஷர் பாதாளத்துக்குப் போகும். நான் எவ்வளவு நைசாக அரைத்தேனோ அவ்வளவு சீக்கிரம் அது நடந்தது. என் திறமையே வினையானது.

இது என் வீட்டில் மட்டும் நடந்த கூத்து இல்லை. நீடித்து வேலை செய்யும் இதே நிஃபெடிபினை நசுக்கி, லேபட்டலால் என்ற இன்னொரு பிரஷர் மருந்தோடு மூக்குக் குழாயில் கொடுத்து, ஒரு பெண்மணி இறந்துபோனது 2003-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. கொடுத்தது என்னைப் போல் சமையற்கட்டு வைத்தியன் அல்ல, ஆஸ்பத்திரிதான். அதைப் படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ரெயின்கோட் மாத்திரைகள்

இரண்டாவது ரகம், ரெயின்கோட் போட்ட மாத்திரை. காந்திபுரத்தில் பஸ் ஏறி ஊட்டிக்குப் போகிறவர் மேட்டுப்பாளையத்தில் மழை பெய்தாலும் நனையாமல் போய்ச்சேர வேண்டும் இல்லையா? பேன்டோபிரசோல் அப்படித்தான். இரைப்பை அமிலத்தில் நனைந்தால் வீணாகிவிடும். அதனால் மேலே ஒரு பூச்சு. அமிலத்தைத் தாண்டிக் குடலுக்குப் போன பிறகுதான் அந்தப் பூச்சு கரையும். நான் மூன்று நாளாக அந்த ரெயின்கோட்டைக் கல்லில் வைத்துக் கிழித்துவிட்டு, ஆளை மழையில் தள்ளிக்கொண்டிருந்தேன். ஆஸ்பிரினிலும் பூச்சுப் போட்ட வகை உண்டு. அது இரைப்பையைக் காப்பாற்றுவதற்காக.

மூன்றாவது, நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. அது வாயில் கரைவதற்காகவே செய்தது. குழாயில் விட்டால் அதன் வேலையே மாறிப்போகும். நாலாவது, புற்றுநோய் மருந்து, சில ஹார்மோன் மருந்துகள். இவற்றை இடித்தால் பறக்கும் தூள் இடிக்கிறவருக்கே கெடுதல். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இன்னும் மோசம். ஐந்தாவது, உள்ளே குருணை குருணையாக இருக்கும் கேப்ஸ்யூல். சிலவற்றைத் திறந்து குருணையைக் கொடுக்கலாம். ஆனால் அந்தக் குருணையை அரைக்கக் கூடாது, மெல்லிய குழாயில் அது அடைத்துக்கொள்ளவும் செய்யும்.

அன்றைக்கு அந்தக் கட்டிலோரத்தில் ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். மூன்று பத்தி: நசுக்கலாம், கூடாது, டாக்டரைக் கேட்கணும். என் பி.காம். வாழ்க்கையில் முதல்முறையாகப் பயன்பட்டது அந்த நோட்டில்தான். கணக்கு முடித்துப் பார்த்தால், ஏழில் நாலு நசுக்கவே கூடாதவை! நிஃபெடிபின், பூச்சுப் போட்ட ஆஸ்பிரின், பேன்டோபிரசோல், மெதுவாகக் கரையும் மெட்ஃபார்மின்.

பார்மசிஸ்ட் அந்த நோட்டோடு டாக்டரிடம் போனார். பத்தே நிமிஷம். பிரஷருக்குப் பொடி செய்யக்கூடிய வேறு மருந்து. ஆஸ்பிரினுக்குத் தண்ணீரில் கரையும் வகை. மெட்ஃபார்மினுக்குச் சாதாரண மாத்திரை, ஆனால் வேளை கூட்டி, அளவு பிரித்து. வயிற்று மருந்துக்குக் குழாயில் கொடுக்கத் தோதான வேறொன்று. வைட்டமினை டாக்டரே அடித்துவிட்டார். "கஞ்சியிலயே சத்து இருக்குங்க" என்றாராம். கவனியுங்கள்: மாற்றியது டாக்டர். நானாக மாற்றியிருந்தால் அது அடுத்த விபத்து. நீடித்து வேலை செய்யும் மாத்திரைக்கும் சாதாரண மாத்திரைக்கும் அளவு ஒன்றல்ல. மாத்திரைக்கும் சிரப்புக்கும்கூட எப்போதும் ஒன்றல்ல.

மடையும் முறைத் தண்ணியும்

அடுத்து, அடைப்பு. ரைல்ஸ் டியூபுக்கு நம்பர் உண்டு. அந்த நம்பரை மூன்றால் வகுத்தால் வெளி விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். பதினாறாம் நம்பர் என்றால் சுமார் 5.3 மில்லிமீட்டர். உள்ளே ஓட்டை அதைவிடக் குறுகல். அதற்குள் ஏழு மாத்திரை மாவும் ராகிக் கஞ்சியும் கைகோத்துப் போனால் என்ன ஆகும்? களிதான்.

இதை எனக்கு விளங்கவைத்தது அப்பாருடைய வாய்க்கால். அவர் முறைத் தண்ணீர் வருவதற்கு முன்னால் வாய்க்காலைச் சுத்தம் செய்வார். பாய்ச்சி முடித்ததும் மறுபடி வழித்துவிடுவார். ஒரே மடையில் இரண்டு வயலுக்கு ஒரே நேரத்தில் திறக்க மாட்டார். குழாய்க்கும் அதே சட்டம். கஞ்சியை நிறுத்து. வெறும் தண்ணீர் விடு. ஒரு மருந்தைத் தனியாக நன்றாகப் பொடித்து, சுத்தமான தண்ணீரில் கரைத்து விடு. மறுபடி தண்ணீர். அடுத்த மருந்து. மறுபடி தண்ணீர். எல்லாம் முடிந்து கடைசியாக ஒரு தண்ணீர். அப்புறம்தான் கஞ்சி. பெரியவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் 15 முதல் 30 மில்லி என்பது பொதுவான அளவு. இருதயம், கிட்னி கோளாறு உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் டாக்டர் சொல்கிற அளவுதான். மருந்தைக் கஞ்சியில் கலக்கவே கூடாது. மருந்தோடு மருந்தையும் கலக்கக் கூடாது.

கலந்தால் அடைப்பு மட்டும்தானா? சில மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் ஜன்மப் பகை. வலிப்புக்கான ஃபெனிடாயினைக் குழாய் உணவோடு கொடுத்தால் ரத்தத்தில் சேரும் அளவு குறைந்துபோகும். மருந்து கொடுத்த திருப்தி நமக்கு, வலிப்பு நோயாளிக்கு. அதனால் பல ஆஸ்பத்திரிகளில் அதற்கு முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மணி நேரம் உணவை நிறுத்துகிறார்கள். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கும் குழாய் உணவோடு சரியாகச் சேராது. தைராய்டு மாத்திரைக்கும் இந்த முறுக்கு உண்டு. புண்ணுக்குக் கொடுக்கிற சுக்ரால்ஃபேட் உணவோடு சேர்ந்தால் உள்ளே கட்டியாகவே திரண்டுவிடும். 'சிரப் என்றால் வம்பில்லை' என்றும் நினைக்காதீர்கள். பல சிரப்புகளில் இனிப்புக்காக சார்பிட்டால் சேர்க்கிறார்கள். அளவு மீறினால் பேதி. கெட்டியான சிரப்பையும் தண்ணீர் விட்டு இளக்கித்தான் கொடுக்க வேண்டும்.

சிரிஞ்சுக்கு ஜாதி உண்டு

வீட்டில் ஒரு குழாய்தான். ஆஸ்பத்திரியில் நோயாளியைச் சுற்றி மூன்று நாலு தொங்கும். ஒன்று கையில் நரம்புக்கு, ஒன்று மூக்கில் உணவுக்கு, ஒன்று ஆக்ஸிஜன், ஒன்று சிறுநீருக்கு. ராத்திரி டூட்டி, மங்கல் வெளிச்சம். வயிற்றுக்குப் போக வேண்டியது நரம்புக்குப் போனால்?

போயிருக்கிறது. பால் தவறுதலாக நரம்பில் ஏறிய சம்பவம் 1972-லேயே லான்செட் இதழில் வந்தது. 2012-இல் பிரேசிலில் எண்பது வயது அம்மாள் ஒருவருக்கு உணவுக் குழாயில் போக வேண்டிய பால் காபியைப் பயிற்சிப் பெண் நரம்பில் ஏற்ற, அந்த அம்மாள் இறந்துபோனார். காரணம் முட்டாள்தனம் மட்டும் இல்லை. ஒரே மாதிரி சிரிஞ்ச் முனை இரண்டிலும் பொருந்தியதுதான். பெட்ரோல் பைக்கில் டீசல் குழாயும் நுழைந்தால், என்றைக்காவது ஒரு நாள் யாராவது போட்டுவிடத்தான் செய்வார்கள்.

2007-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஒன்பது பாதுகாப்பு யோசனைகளில் இந்தக் குழாய்க் குழப்பத்தைத் தவிர்ப்பதும் ஒன்று. 2016-இல் உணவுக் குழாய்களுக்கென்றே தனி இணைப்பு முனைக்கு ஐ.எஸ்.ஓ. தர விதி வந்தது. அந்த முனையுள்ள சிரிஞ்ச் நரம்புக் குழாயில் நுழையவே நுழையாது. ஆள் தூங்கினாலும் பொருள் விழித்திருக்கும். அப்பாரு படுத்திருந்த வார்டில் நான் பார்த்தது பழைய சிரிஞ்சைத்தான். புதுசு வருகிற வரைக்கும் ஒரு வழி உண்டு. எதையும் விடுவதற்கு முன்னால், அந்தக் குழாயை விரலால் பிடித்துக்கொண்டே நோயாளியின் உடம்பு வரைக்கும் போங்கள். அது மூக்கில் முடிகிறதா, கையில் முடிகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஐந்து செகண்ட் வேலை.

ஆள் இருந்தார், யாரும் சொல்லவில்லை

என்னை இன்றைக்கும் உறுத்துவது வேறு. அந்த பார்மசிஸ்ட் அம்மிணி எங்கிருந்து வந்தார்? வானத்திலிருந்து குதிக்கவில்லை. அதே ஆஸ்பத்திரியில், கீழே மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் பதினோரு நாள் அந்த அறையைத் தாண்டித்தான் கேன்டீனுக்குப் போனோம். டிஸ்சார்ஜ் அன்றைக்கு அவர் மேலே வந்து அந்தப் பையை ஒரு தடவை பார்த்திருந்தால், அப்பாரு இரண்டு முறை வேனில் படுத்திருக்க வேண்டாம்.

இந்தப் படிப்பு நமக்குத் தூரம் இல்லை. ஊட்டி ஜே.எஸ்.எஸ். பார்மசி கல்லூரி 1990-களின் பிற்பகுதியிலேயே வார்டுக்குள் பார்மசிஸ்ட்டை அனுப்பும் பயிற்சியைத் தொடங்கியது. நாட்டிலேயே முன்னோடிகளில் ஒன்று. 2008-இல் ஆறு வருஷ ஃபார்ம்.டி. படிப்பு வந்தது. 2015-ஆம் ஆண்டின் பார்மசி நடைமுறை விதிகள், மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்று நோயாளிக்கு விளக்குவதை பார்மசிஸ்ட்டின் கடமையாகவே எழுதிவைத்திருக்கின்றன. ஆக, அட்டையை வாங்கிக்கொண்டு சில்லறையை மட்டும் எண்ணிவிட்டு வருகிறவர்கள் நாம்தான்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 2017-இல் உலக சுகாதார நிறுவனம் மருந்துத் தவறுகளைக் குறைக்க ஓர் இயக்கம் தொடங்கியபோது, இந்தத் தவறுகளால் உலகத்துக்கு வருஷத்துக்கு 4,200 கோடி டாலர் செலவு என்று மதிப்பிட்டது. பெரிய கம்பெனிகளின் பேலன்ஸ் ஷீட்டே வெட்கப்படும். இதைக் குறைக்க ஆஸ்பத்திரிகள் ராக்கெட் விட வேண்டியதில்லை. சீட்டில் 'குழாய் வழி' என்று இரண்டு வார்த்தை எழுதட்டும். 'நசுக்கக் கூடாத மாத்திரைகள்' பட்டியலை வார்டுச் சுவரில் ஒட்டட்டும். வீட்டுக்கு அனுப்பும்போது தமிழில் ஒரு தாள் தரட்டும். சொல்லிக்கொடுத்ததோடு விடாமல், வீட்டு ஆளை ஒரு தடவை செய்துகாட்டச் சொல்லட்டும். என்னைச் செய்துகாட்டச் சொல்லியிருந்தால் முதல் நிமிஷத்திலேயே பிடிபட்டிருப்பேன்.

உங்கள் பர்ஸில் வையுங்கள்

ஆபீஸில் உட்கார்ந்து இதைப் படிக்கும் தம்பி, 'நமக்கெதுக்கு இது?' என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் படுத்தால் ராத்திரி டூட்டி வயசுப் பையன் தலையில்தான். கத்தரித்து வைத்துக்கொள்ள ஆறு வரி:

1. மாத்திரைப் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர்., சி.ஆர்., எக்ஸ்.எல்., பி.ஆர். என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அது இனிஷியல் அல்ல, எச்சரிக்கை. 'என்டெரிக் கோட்டட்', 'கேஸ்ட்ரோ ரெசிஸ்டன்ட்' என்றிருந்தாலும் அப்படியே. எதுவும் ஒட்டாமலே மெதுவாகக் கரையும் மாத்திரைகளும் உண்டு. எனவே எழுத்து இல்லையென்றாலும் கேளுங்கள்.

2. ஒவ்வொரு புது மாத்திரைக்கும் டாக்டரிடமோ பார்மசிஸ்ட்டிடமோ இரண்டு கேள்வி: "குழாய்ல கொடுக்கோணும், இதை நசுக்கலாமுங்களா? கஞ்சிக்கும் இதுக்கும் எவ்வளவு இடைவெளி உடோணும்?"

3. ஒரு மருந்து, ஒரு தண்ணீர். கலக்காதீர்கள்.

4. விடுவதற்கு முன் மூக்கருகில் குழாயில் போட்ட அடையாளம் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தாலோ, இருமல், மூச்சுத் திணறல் வந்தாலோ, நிறுத்தி ஆஸ்பத்திரியைக் கூப்பிடுங்கள். தலைமாடு 30 முதல் 45 டிகிரி உயரமாக இருக்கட்டும். முடிந்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே.

5. அடைத்தால் பலத்தைக் காட்டாதீர்கள். கம்பி விட்டுக் குத்தவே கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் மெதுவாக முயலுங்கள், போகாவிட்டால் ஆஸ்பத்திரி.

6. மருந்தால் ஏதாவது வினையானால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்துகளின் பாதகங்களைப் பதிவு செய்ய மத்திய அரசின் திட்டம் 2010 முதல் இருக்கிறது. நோயாளியின் வீட்டாரும் தெரிவிக்கலாம்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர் பார்க்க வீட்டுக்கு வரும் அக்கா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத ஜெராக்ஸ் போட்டுக் குடுங்க தம்பி, பக்கத்து ஊர்ல ஒரு பாட்டிக்கும் கொளாய் போட்டிருக்காங்க" என்று வாங்கிப் போனார். நான் எழுதிய எந்தக் கட்டுரையையும் எங்கள் ஊரில் இதுவரை யாரும் ஜெராக்ஸ் எடுத்ததில்லை.

ஏழாவது வாரம் விழுங்கும் சோதனை வைத்தார்கள். அப்பாரு பாஸ். குழாயை எடுத்தார்கள். முதல் சில நாள் எல்லாம் மசியலாகத்தான் கொடுக்க வேண்டும் என்று பயிற்சி கொடுத்த தெரபிஸ்ட் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு இட்லியை வைத்துவிட்டுப் போக, நான் கட்டிலருகே உட்கார்ந்து அதை ஸ்பூனால் மசிக்க ஆரம்பித்தேன்.

அப்பாரு என் கையையே பார்த்தார். பேச்சு அப்போது குழறல்தான். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, கோணல் வாயோரத்தில் ஒரு சிரிப்போடு சொன்னார்:

"ஏஞ்சாமி... அந்த அம்மிணியக் கேட்டயா... இத நசுக்கலாமான்னு?"